அவள் ஏறி நின்ற கதவு

என் கொழுந்தியாளைக் கழுத்தைப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளியவர்கள் மூன்று பேர். முதல் ஆள் அவளைப் பெற்றவர், அதாவது என் மாமனார். பதினெட்டு வயதில் எதிர்த்துப் பேசினாள் என்று பெல்ட்டால் விளாசினார். முதுகுத் தோல் கிழிந்த பிறகும் ஆத்திரம் அடங்காமல் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். இரண்டாவது ஆள் அவள் புருஷன். அந்த மகராசன் குடிக்காமலேயே அடிப்பான். ஒருநாள் அவளைத் தள்ளிவிட்டுக் கதவை அறைந்து சாத்தியபோது, நிலையைப் பிடித்திருந்த அவள் கையையும் சேர்த்துச் சாத்தினான். அன்றைக்குக் கோணிய சுண்டுவிரல் இன்றைக்கும் கோணல்தான். மூன்றாவது ஆள் வாடகை வீட்டுக்காரர். அவர் பாவம், நல்லவர். பாத்திரங்களைத் தெருவில் வீசியதோடு நிறுத்திக்கொண்டார்.

நான் தச்சன். முப்பது வருஷமாக நிலை, கதவு, ஜன்னல் என்று இழைத்துக்கொண்டிருக்கிறேன். மேற்படி மூன்று கதவுகளையும் எனக்குத் தெரியும், அதில் இரண்டை நானே பழுது பார்த்தும் கொடுத்திருக்கிறேன். அதனால் அவள் நாற்பது வயதில், கடன் போட்டு வீடு வாங்கப்போகிறேன் என்று வந்து நின்றபோது ஏன் எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் மனைவிதான் தங்கைக்காகத் தலையில் கை வைத்துக்கொண்டாள். இருபது வருஷத் தவணையா, அதுவரைக்கும் நீ இருப்பாயா என்று வாய்விட்டே கேட்டாள்.

"இனிமே எவனும் என்னை வெளிய போன்னு சொல்லக் கூடாதுக்கா." அவ்வளவுதான் அவள் சொன்னது.

அவள் வேலை பார்த்தது சந்தையில் ஒரு கறிக்கடையில். பெண்கள் அங்கே கல்லாவில் உட்காருவார்கள், தரை கழுவுவார்கள். கத்தி பிடித்த ஒரே பெண் இவள்தான். முழு ஆட்டை இருபது நிமிஷத்தில் பிரித்து அடுக்குவாள். எலும்பை ஒட்டிக் கறியைச் சீவ அவள் வைத்திருந்த சின்னக் கத்தியை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் வசவு விழும், அந்த வசவை இங்கே எழுத முடியாது. சந்தை முழுக்க அவளுக்குப் பெயரே சின்னக்கத்தி. என்னை மட்டும் அவள் மரமண்டை மாமா என்பாள். தொழிலை வைத்துச் சொல்கிறாளா, தலையை வைத்துச் சொல்கிறாளா என்று நான் விசாரித்ததில்லை.

வாங்கிய வீடு வரிசை வீடுகளில் கடைசி வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் துணி உலர்த்த ஒரு துண்டு மண். வாசலுக்குக் கதவு நான் போட்டேன். கையில் காசு இல்லாததால் பழைய கதவு ஒன்றை வாங்கி, பழைய பூட்டு இருந்த ஓட்டையை வட்டமாக ஒரு மரத்துண்டு செதுக்கி அடைத்து, நீல வர்ணம் அடித்து மாட்டினேன். அந்த வட்டம் வர்ணத்துக்கு அடியிலும் துருத்திக்கொண்டு தெரிந்தது. எனக்கு அது உறுத்தல். அவளுக்கு அதுதான் அடையாளம். வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கட்டைவிரலால் அதை ஒரு தடவை தேய்த்துவிட்டுத்தான் சாவியை எடுப்பாள். நாலு வருஷம் ஒரு தவணைகூடத் தவறவில்லை.

ஐந்தாம் வருஷம் பிப்ரவரியில் எலும்பு அறுக்கும் மெஷின் அவள் இடது கையைப் பிடித்தது. இரண்டு விரல் போயிற்று. அதில் ஒன்றாவது அந்தக் கோணல் விரலாக இருந்திருக்கக் கூடாதா என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சிரித்தாள். நாலு மாதம் வேலை இல்லை. மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று தவணை நின்றது. கடன் கொடுத்த கம்பெனிக்கு அவளே போய்க் கட்டுப் போட்ட கையைக் காட்டி, ஜூலையில் இருந்து சேர்த்துக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆள்தான் வந்தது.

ஜூன் மூன்றாம் தேதி காலை ஆறரை மணி. மூன்று பேர். அவர்களில் பெரியவனுக்கு விரலுக்கு விரல் மோதிரம். பெயர் எங்களுக்குத் தெரியாததால் மோதிரக்காரன் என்றே வைத்துக்கொண்டோம். கதவைத் தட்டவில்லை, உதைத்தார்கள். அவள் உள்ளே இருந்து, பணம் ஜூலையில் தருகிறேன், எட்டு மணிக்கு மேல் வாருங்கள் என்று கத்தியிருக்கிறாள். பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் மூடின. ஒருவன் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். மேல் கீல் பிய்ந்தது, அப்புறம் கீழ்க் கீல். கதவு இரண்டாகப் பிளந்து உள்பக்கமாக விழுந்து அவள் நெற்றியைக் கிழித்தது. மோதிரக்காரன் உள்ளே வந்து அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, கட்டுப் போட்ட கையின்மேல் செருப்புக் காலை வைத்து மிதித்தான். ஆறி வந்த புண் பிளந்தது. அடுத்தவன் அடுப்பைத் தூக்கி வெளியே எறிந்தான். இன்றைக்கே வீட்டைக் காலி செய் என்றார்கள்.

வெளிய போ என்ற வார்த்தையை மோதிரக்காரன் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பாள் என்றுதான் நான் நினைக்கிறேன். அவன் சொன்னான். சொல்லிவிட்டு அவளை வாசல்வரை இழுத்தும் வந்தான். வாசலை ஒட்டிய சமையல்கட்டைத் தாண்டும்போது அவள் வலது கை சுவரில் மாட்டியிருந்த வெட்டுக்கத்தியை எடுத்தது. வாசல் நிலையை அவன் பிடித்திருந்த கையின்மேல் ஒரே போடு. நிலையில் இன்றைக்கும் அரை அங்குலத்துக்கு அந்த வெட்டு இருக்கிறது. கனமான மோதிரம் ஒன்று குறுக்கே வந்ததால் அவனுக்கு விரல் மிஞ்சியது. புறங்கை பிளந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. மூன்று பேரும் ஓடினார்கள். அவள் துரத்தவில்லை.

இரண்டு தெரு தள்ளி இருந்த நான் போய்ச் சேர்ந்தபோது, விழுந்த கதவின்மேல் கத்தியோடு நின்றுகொண்டிருந்தாள். நெற்றி ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. கத்தியை வாங்கி, கழுவி, என் வேலைப் பெட்டியில் இழைப்புளிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். நான் செய்தது சரியில்லை என்று பின்னால் எல்லாரும் சொன்னார்கள். அந்த நேரத்தில் அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

பத்து மணிக்குள் போலீஸ் வந்துவிட்டது. மோதிரக்காரன் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே புகார் எழுதிக் கொடுத்திருந்தான். பணம் கேட்கப் பணிவாகப் போனோம், கதவு உளுத்துப்போனது, தட்டியதும் தானாக விழுந்தது, உள்ளே இருந்த பெண் பாய்ந்து வெட்டிவிட்டாள் என்று. நான் மாட்டிய கதவை உளுத்தது என்று எழுதியதைப் படித்ததும் அவனை நானே ஒருமுறை வெட்டலாமா என்று இருந்தது. அவள் ஆறு நாள் உள்ளே இருந்தாள். நான் ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டு வெளியே கொண்டுவந்தேன். அவள் வருவதற்குள், ஐந்தாம் தேதியே, வாசலுக்குப் புதுக் கதவு போட்டுவிட்டேன். கனத்த பலகை, வெளிப்பக்கம் முழுக்க இரும்புத் தகடு, பழுப்பு வர்ணம். உடைந்த நீலக் கதவை அடுப்புக்கு வெட்டிவிடு என்றாள். எனக்கு மனம் வரவில்லை. பின்சுவரில் சாய்த்து வைத்தேன்.

வெட்டு வழக்குக்கு ஒரு வக்கீலைப் பிடித்தோம். மீசைக்காரர், கெட்டிக்காரர். பார்த்தவர்கள் அவன் கூட்டாளிகள் மட்டும்தான், கத்தியும் அகப்படவில்லை, ஆகையால் ஒரே பாட்டாகப் பாடவேண்டும் என்றார். அவன் அன்றைக்கு வரவே இல்லை, வேறு எங்கோ வெட்டுப்பட்டுக்கொண்டு பொய்ப் புகார் கொடுத்தான், அவ்வளவுதான். வழக்கு நிற்காது என்று அடித்துச் சொன்னார். அவளும் சரி என்றாள்.

ஜூலையில் வேலைக்குப் போனாள். மூன்று விரல் மிஞ்சிய கையால் கறியைப் பிடித்துக்கொள்ளப் புதிதாகக் கற்றுக்கொண்டாள். தவணையைக் கட்டப் போனால், மொத்தக் கடனையும் கட்டினால் கட்டு, இல்லாவிட்டால் எடுத்துக்கொண்டு போ என்று கவுண்டரில் திருப்பிவிட்டார்கள். ஏன் என்று புரியவில்லை. ஆகஸ்ட் கடைசியில் புரிந்தது. கோர்ட்டு ஊழியர் ஒருவர் காகிதத்தோடு வந்தார். அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்தும் பதில் இல்லை, ஆகவே வீட்டைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம், பதினைந்து நாளில் ஒப்படைக்க வேண்டும் என்றது காகிதம். எந்த நோட்டீஸ் என்று கேட்டாள். அவருக்குத் தெரியாது. அவர் வேலை காகிதம் கொடுப்பது.

அன்றைக்கு அவள் அழுததைத்தான் நான் முதல்முறையாகப் பார்த்தேன். பெல்ட்டுக்கும் மெஷினுக்கும் அழாதவள். நான்காவதாக ஒருத்தன் தள்ளப்போகிறான், இந்த முறை கையில் கோர்ட்டு காகிதத்தோடு வருகிறான், இவனை எதைக்கொண்டு வெட்டுவது என்று கேட்டாள். என் மனைவிதான் கண்ணைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்து இலவசச் சட்ட உதவி மையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த வக்கீலம்மா சின்னப் பெண். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மேஜையில் கடலையைக் கொறித்துக்கொண்டு இருந்தாள். இவளா என்று எனக்கு முகம் சுருங்கியது. அரை மணி நேரம் பேசினாள், எனக்குத் தலை சுற்றியது. வீட்டுக்கடன் வாங்கியவருக்கு இத்தனை பாதுகாப்பா? வசூலுக்கு வருகிறவன் காலை எட்டுக்கு முன்னால் வரக் கூடாது, மாலை ஏழுக்கு மேல் வரக் கூடாது. கதவைத் தொடக் கூடாது, ஒரு கரண்டியைக்கூட எடுக்கக் கூடாது. மூன்று தவணை முழுதாக நின்ற பிறகே நோட்டீஸ். அதைக் கையில் கொடுக்க வேண்டும், ஆள் இல்லையென்றால் கதவில் ஒட்டிப் படம் எடுக்க வேண்டும். அதிலிருந்து அறுபது நாள். அதற்குள் நாம் எழுதிக் கொடுத்தால் அவர்கள் பதில் சொல்லியே ஆகவேண்டும். அதற்கு அப்புறம்தான் கோர்ட்டு. வீட்டை விற்றாலும் கடன் போக மிச்சம் நமக்கு. கடன் வாங்கும்போது எழுபது பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்களே, பாவிகள், இதில் ஒரு வரியை எவனாவது வாயைத் திறந்து சொன்னானா? எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன, கடன் காகிதங்கள் பிளாஸ்டிக் பையில் மாவு டப்பாவுக்குள் கிடந்தன. நாங்களும் ஒருமுறை பிரித்துப் பார்த்ததில்லை.

கம்பெனி கோர்ட்டில் போட்டிருந்த காகிதங்களுக்கு வக்கீலம்மா நகல் வாங்கினாள். நோட்டீஸ் ஜூன் இருபதாம் தேதி கதவில் ஒட்டப்பட்டது என்று இருந்தது. அத்தாட்சிக்கு ஒரு படம். படத்தில் கதவு, கதவில் காகிதம், ஓரத்தில் வீட்டு எண். எல்லாம் பக்காவாக இருக்கிறதே, இனி என்ன செய்வது என்று அவளே உதட்டைப் பிதுக்கினாள். நான் படத்தை வாங்கிப் பார்த்தேன். நீலக் கதவு. பூட்டுக்கு மேலே, வர்ணத்துக்கு அடியில், வட்டமாக ஒரு துருத்தல்.

"இந்தக் கதவு மூணாந்தேதியே செத்துப்போச்சும்மா," என்றேன். "இருபதாந்தேதி எப்படி இதுல ஒட்டினாங்க?"

வக்கீலம்மா கடலையைத் தள்ளி வைத்தாள். அந்தத் தேதியில் கதவு மாறியதற்குச் சாட்சி என்ன என்று கேட்டாள். புதுக் கதவுக்கு ரசீது? கொழுந்தியாளுக்குப் போட்ட கதவுக்கு யார் ரசீது எழுதுவார்கள்? பக்கத்து வீட்டார்? ஜன்னலைச் சாத்தியவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். நான் சொல்வேன் என்றால், நீங்கள் சொந்தக்காரர், எடுபடாது என்றாள். ஜூன் மூன்றாம் தேதி கதவு உடைந்தது என்று எங்கேயாவது, யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

எழுதி வைத்திருந்தது ஒரே ஆள். மோதிரக்காரன். அவன் புகாரில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, கதவு விழுந்ததும் இருந்தது. போலீஸ் முத்திரையும் இருந்தது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் பெரிய சண்டை. அந்தப் புகார் உண்மை என்று ஒப்புக்கொண்டால்தான் கதவு உடைந்த தேதி நிற்கும். ஒப்புக்கொண்டால் வெட்டியதும் நிரூபணமாகிவிடும், ஜெயில் நிச்சயம். மீசை வக்கீல் போனிலேயே குதித்தார். ஜெயிக்கிற கேஸை வலியப்போய்த் தோற்பதா, வீடு போனால் இன்னொரு வீடு என்றார். என் மனைவியும் அதையே சொன்னாள். நான் இரண்டு பக்கமும் பேசி இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சின்னக்கத்தி என் வேலைப் பெட்டியைத் திறந்து, இழைப்புளிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து, வெட்டுக்கத்தியை எடுத்தாள்.

"நாளைக்கு இதை ஸ்டேஷன்ல குடுத்துடுங்க மாமா," என்றாள். "நான் பண்ணாததையா சொல்லப்போறேன்?"

கொடுத்தேன். அரை நாள் பெஞ்சில் உட்கார வைத்துக் கண்டபடி திட்டினார்கள். ஒளித்து வைத்ததற்கு எனக்குத் தனியாக அபராதம் வந்தது. வழக்கு நாளன்று உடைந்த கதவின் இரண்டு துண்டுகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். கோர்ட்டு வாசலில் காவலர், மரச்சாமான் விற்க இது சந்தையில்லை என்றார். இது சாட்சி என்றேன். சிரித்தார். வக்கீலம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து ஒரு காகிதத்தைக் காட்டியதும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார்.

நோட்டீஸ் ஒட்டிய ஆளை முதலில் கூண்டில் ஏற்றினார்கள். ஒல்லியான ஆள், மோட்டார் சைக்கிளில் அலைந்து முகம் கறுத்துப்போனவர். ஜூன் இருபதாம் தேதி ஒட்டினீர்களா என்றால் ஆமாம் என்றார். இந்தக் கதவிலா என்றால் ஆமாம். கீழே கிடந்த துண்டுகளைக் காட்டி, இதுதானா என்றாள் வக்கீலம்மா. அவர் அந்த வட்டத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கம்பெனி வக்கீலைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோலத் தன் தொழிலைச் சொன்னார். தவணை நின்ற வீடுகளுக்கெல்லாம் மே மாதமே ஒரே சுற்றில் போய், தேதி போடாத காகிதத்தை ஒட்டிப் படம் எடுத்துவிட்டுக் கிழித்துக்கொண்டு வந்துவிடுவார்களாம். இரண்டு தடவை பெட்ரோல் செலவு எதற்கு? தேதியை ஆபீஸில் போட்டுக்கொள்வார்களாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம் என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். அது மற்ற வீடுகளின் கதை, இந்த வீட்டில் ஒட்டியது ஜூன் இருபதுதான் என்றார். கதவு ஜூன் மூன்றாம் தேதி உடைந்தது என்பதே கட்டுக்கதை, நோட்டீஸைப் பார்த்த பிறகு இவர்களே உடைத்துக்கொண்டு வந்திருக்கலாம் என்றார். வக்கீலம்மா மோதிரக்காரனின் புகாரை நீட்டினாள். அந்தப் புகாரைத்தான் இந்த அம்மாளே வெட்டு வழக்கில் பொய் என்று எழுதிக் கொடுத்தாரே என்று கம்பெனி வக்கீல் சிரித்தார். நீதிபதி அவளைக் கூண்டில் ஏறச் சொன்னார். கூண்டுக் கட்டையை அவள் மூன்று விரலால் பிடித்திருந்தாள்.

"பொய்யில்லீங்க. மூணாந்தேதி வெட்டினது நான்தான்," என்றாள். "கதவைப் பேத்துக் கீழ போட்டாங்க. என் முடியைப் புடிச்சு வெளிய இழுத்தான். இவங்க நோட்டீஸ் ஒட்டினேன்னு சொல்ற கதவு மேல ஏறி நின்னுதான் அவன் கையை வெட்டினேன். பாருங்க, ரெண்டு பேர் ரத்தமும் அதுல இருக்கு."

நீதிபதி மேடையை விட்டு இறங்கி வந்தார். வர்ணம் உரிந்த இடத்தில் மரம் கறுப்பாகக் குடித்திருந்த கறையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

கம்பெனி வாங்கிய உத்தரவு ரத்தாயிற்று. நோட்டீஸ் கொடுக்கவே இல்லை என்றும், நின்ற தவணைகளைச் சேர்த்து வாங்கிக்கொண்டு கடனைத் தொடரவேண்டும் என்றும், அவளுக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்றும் தீர்ப்பு. நஷ்டஈட்டில் நின்ற தவணைகளெல்லாம் தீர்ந்தன. வெட்டு வழக்கு தனியாக நடந்தது. வீடு புகுந்து அடித்ததால் ஆத்திரத்தில் செய்தது என்று குறைத்து, ஐந்து மாதம் ஜெயில் கொடுத்தார்கள். கடப்பாரையோடு வந்தவர்கள்மேலும் வழக்கு உண்டு. அது வாய்தா வாங்கி வாங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மோதிரக்காரன் இப்போது மோதிரங்களை இடது கையில் மட்டும் போட்டுக்கொண்டு திரிகிறான்.

அவள் உள்ளே போகும் நாளில் நாங்கள் எங்கள் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் வீட்டுக்கு வந்தோம். வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது என்றாள். நாங்கள் கொடுத்துவந்த வாடகை அப்படியே அவள் தவணைக்குப் போயிற்று. வாசலில் நின்று இரும்புத் தகட்டை ஒரு தடவை தடவினாள். தேய்க்க அதில் வட்டம் இல்லை. கழுத்தில் யார் கையும் இல்லாமல், ஒரு வீட்டை விட்டு அவளாகவே படியிறங்கிப் போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். போலீஸ்காரர்கூட இரண்டடி தள்ளியேதான் நடந்தார்.

உடைந்த கதவைக் கோர்ட்டு திருப்பிக் கொடுத்தபோது, அந்த வட்டத்தை மட்டும் அறுத்து எடுத்தேன். இரும்புத் தகட்டில் அந்த அளவுக்கு ஓட்டை போட்டு, பூட்டுக்கு மேலே பதித்தேன். வர்ணம் அடிக்கவில்லை.

ஜெயிலில் நன்றாக வேலை செய்தாள் என்று ஒரு வாரம் குறைத்து விட்டிருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாது. காலை எட்டு மணி இருக்கும். என் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். வாசலில் சத்தம், தட்டுவது அல்ல, கதவில் எதையோ தேய்க்கும் சத்தம். இந்த வீட்டில் பட்டதெல்லாம் பட்ட பிறகு வாசல் சத்தம் என்றாலே எனக்குத் திக்கென்று இருக்கும். உளியைக் கையில் எடுத்துக்கொண்டு, தாழ்ப்பாளைத் தொடாமல், யார் என்று அதட்டினேன்.

"வீட்டுக்காரி வந்திருக்கேன், தொறங்க மாமா," என்றாள்.